பெற்றோர் விருப்பம்

குழந்தைகளை எப்படி வளர்க்க வேண்டும், எப்படிப் படிக்க வைக்க வேண்டும் என்று பெரிய பெரிய மேதைகள் எழுதிய புத்தகங்களை நான் படித்ததெல்லாம் கோணலாக விழுந்த ஜெராக்ஸ் தாள்களில்தான். தடிப் புத்தகத்தை மிஷின் மேல் கவிழ்த்து அமுக்கினால் நடுப்பக்கம் கறுப்பாக விழும், வரியின் கடைசி வார்த்தைகள் காணாமல் போகும். அதை வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது. நான் எடுத்து வைத்துக்கொள்வேன். குழந்தை சுதந்திரமானது, அதன் மேல் யாரும் தங்கள் ஆசையை... அவ்வளவுதான், மீதி கறுப்பு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளையும் இரண்டு மூன்று நாள் படிப்பேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கள் எஸ்.டி.டி. பூத் இருந்தது, அதை ஒட்டியே பின்னால் வீடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் வெள்ளைக்காரர்கள் நின்று தங்கள் ஊருக்குப் பேசுவார்கள், வெளியே நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜெராக்ஸ் மிஷின் என் வீட்டுக்காரர் பொறுப்பு. சாதுவான மனுஷர். மிஷின் சண்டித்தனம் பண்ணினால்கூடத் தட்டமாட்டார், தடவிக் கொடுப்பார். வீட்டுக்கு வேண்டிய கோபம் மொத்தமும் என் பங்குக்கு வந்துவிட்டது.

என் கோபம் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததில்லை. ஒன்பதாவது படிக்கும்போது நான் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் பெண் பெரிய மனுஷியானால் 'உட்கார்ந்துட்டா' என்பார்கள். நேராகச் சொல்லக் கூச்சம், அதற்காக இந்த வார்த்தை. பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பதினேழாம் நாள் என் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் என் டி.சி.யை வாங்கி வந்துவிட்டான். அப்பாவின் கையெழுத்தையும் அவனே போட்டான். விலகக் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதியிருந்தது. என் விருப்பத்தை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரரின் தயவில் பத்தாவதைப் பிரைவேட்டாக எழுதிப் பாஸானேன். ஆனாலும் அந்த டி.சி.யை டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். அண்ணனோடு வாய்த்தகராறு வரும்போதெல்லாம் அதை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டுவேன். அவன் பொங்கல் சீர் கொண்டு வந்தபோதும் ஆட்டியிருக்கிறேன். அண்ணி எனக்கு வைத்த பட்டப்பெயர் 'டி.சி. அம்மா'.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், என் ஒரே மகளுக்கு அப்படி நடக்கவே விடமாட்டேன் என்று நான் போட்ட சபதம். அவளை டவுனில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். அவளுக்கு இடது கைப் பழக்கம். ஐந்தாவது வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவதுக்கு வந்த டீச்சருக்கு அது கண்ணை உறுத்தியிருக்கிறது. "பீச்சாங்கையால எழுதுனா படிப்பு வருமா" என்று மர ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடித்திருக்கிறாள். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். பெண் என்னிடம் மூச்சுவிடவில்லை. தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியாமல் கீழே போட்டபோதுதான் பார்த்தேன், நடுவிரல் வீங்கிக் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் தாளாளர் அறைக்குள் செருப்புக்காலோடு நுழைந்தேன். அவர் நாற்காலியைவிட்டு அசையாமல், "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா டி.சி. வாங்கிக்கோங்க மேடம்" என்றார். அது அவர்களுக்கெல்லாம் மனப்பாடமான வசனம். சொன்னால் தாய் தகப்பன் பயந்து இறங்கி வருவார்கள் என்று தெரியும். நான், "குடுங்க" என்றேன். அவர் கொஞ்சம் ஆடிப்போனார். அரை மணி நேரத்தில் தாள் கைக்கு வந்தது. கிளார்க் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"கோவத்துல பண்ணிட்ட," என்றார் வீட்டுக்காரர். "வருஷ நடுவுல வேற எங்க சேர்ப்பாங்க?"

அன்று பிற்பகல் ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். வாடிக்கையாக வருபவள்தான். ஆசிரமத்துக்குப் பின்னால் மாடிவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தாள், என் மகள் வயதில் அவளுக்கு ஒரு மகன். அவனைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மகளின் விரலைப் பார்த்ததும் அவளே கூல் டிரிங்க்ஸ் கடைக்கு ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்து, துணியில் சுற்றி, ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு, நீங்கள் தைரியசாலி என்றாள். என் கோபத்துக்கு வாயாடித்தனம், திமிர், அடங்காமை என்றுதான் அதுவரை பெயர் வைத்திருந்தார்கள். முதன்முறையாக ஒருத்தி அதற்குத் தைரியம் என்று பெயர் வைத்ததும் நான் விழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அவள் வீட்டு மாடியில் ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்து படித்தார்கள். எல்லோரும் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறவர்கள். இரண்டு மூன்று வெளிநாட்டுக் குடும்பம், பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பதி, இப்போது நான். ஒவ்வொரு வாரமும் ஒரு மேதையின் ஒரு அத்தியாயம். பிள்ளைகள் கீழே வாசலில் விளையாடும், நாங்கள் மேலே பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். எலுமிச்சை டீ வரும். எதிரே மலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே அவர்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றி உருகுவார்கள்.

பொய் சொல்லக்கூடாது, அந்தப் புத்தகங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. அடிக்காதே, அவசரப்படுத்தாதே, குழந்தையின் கண் எங்கே போகிறதோ அங்கே நீயும் போ என்று எழுதியிருந்தார்கள். நூறு இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒருவர் என் மகளின் விரலுக்காகச் சண்டை போட்டது போல இருந்தது. ஆனால் மூன்றாம் வாரமே ஒன்று உறுத்தியது. எந்தத் தாளை எடுத்தாலும் குழந்தை 'அவன்'தான். அவன் ஓடுகிறான், அவன் மரம் ஏறுகிறான், அவன் கேள்வி கேட்கிறான். ஒருநாள் கேட்டேவிட்டேன், இதில் பொம்பளைப் பிள்ளை எங்கே என்று. பெங்களூர்க்காரர் சிரித்துவிட்டு, "அது கிராமர்ங்க. அவன்னா அவளும் சேர்த்திதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் அவன் என்றால் அவன்தான். அதை மற்றவர்களுக்கும் புரியும்படி இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்தேன்.

வீட்டில் நடந்தது வேறு கதை. குழந்தையின் கண் போகும் இடத்துக்குப் போ என்றால், பூத்தில் எனக்கு நாற்காலியைவிட்டு நகர வழியில்லை. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் சாப்பிடக்கூட நேரமிருக்காது. என் மகள் காலையில் நான் போட்டுக் கொடுத்த கணக்கை முடித்துவிட்டு, தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்தாள், மீட்டர் பார்த்தாள், பில் கிழித்துக் கொடுத்தாள். வெள்ளைக்கார அம்மாள் அதைப் பார்த்து, இதுதான் உண்மையான கல்வி, வாழ்க்கையிலிருந்தே படிக்கிறாள் என்று பூரித்தாள். நானும் நம்பினேன். காலை எட்டரைக்கு யூனிஃபார்ம் போட்ட பெண்கள் கூட்டமாக ரோட்டில் போகும்போது, ஸ்டேப்ளர் சத்தம் நின்றுவிடும். அதை நான் கவனித்தேன், கவனித்தும் அதற்கு அர்த்தம் தேடவில்லை.

தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. பால்காரம்மாவிலிருந்து பூக்காரம்மா வரைக்கும், "என்னா, பொண்ண நிறுத்திட்டீங்களாமே?" என்றார்கள். "நிறுத்தலைங்க, வீட்லயே படிக்கிறா" என்பேன். "ஆமாங்க, நம்ம வீட்டுப் பொண்ணும் அப்படித்தான், வீட்லயே இருக்கா" என்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அந்த வருஷம் பொங்கலுக்கு அண்ணன் வரவில்லை, வேர்க்கடலை வேலை என்று சொல்லியனுப்பினான். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் கிராமம். போன் எங்களுக்குத் தொழில், ஆனால் அவன் வீட்டில் போன் கிடையாது. நான் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பள்ளியோடு நடந்த சண்டையைக் கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் ஊரே படிக்கும், அதனால் சுருக்கமாக எழுதினேன்: பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மற்ற விவரம் நேரில்.

அடிப்பாவி, ஒன்பது வருஷம் படித்தவள், பத்தாவது பாஸ், மேதைகளைக் கரைத்துக் குடிக்கிறவள், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், அந்த வார்த்தையையா எழுதுவேன்? எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது பச்சைத் தென்னை ஓலை. தாய்மாமன் குடிசை கட்டிப் பெண்ணை உட்கார வைக்க வேண்டும் அல்லவா, அதற்கு. பிறகு தட்டுத் தட்டாக மஞ்சள், வெல்லம், உளுத்தம் மாவு, ஒரு தூக்கு நல்லெண்ணெய், சந்தன நிறப் பாவாடை, தாவணி. அண்ணி பின்னால் ஊர்ப் பெண்கள் நாலு பேர். கடைசியில் அண்ணன், வெள்ளை வேட்டி, கண்ணெல்லாம் கலங்கி.

"தாய்மாமனுக்கு இப்பிடியா கார்டுல தெரிவிப்பாங்க?" என்றான். "ஆள் அனுப்பியிருக்கக் கூடாதா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன். என்னத்தைக் கொண்டுவந்து இறக்குகிறாய், அவளுக்குப் பதினோரு வயது, எல்லாவற்றையும் ஏற்று என்றேன். தெருவே கூடிவிட்டது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து என் கார்டை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தான். "உட்கார்ந்திருக்கிறாள்னு நீதான எழுதியிருக்க? நானா எழுதினேன்?" பால்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சடங்கும் இல்ல, ஸ்கூலும் இல்லன்னா அப்புறம் பொண்ணு எதுக்குத்தான் உட்கார்ந்திருக்கா?" என்று கேட்டான் அண்ணன். அவன் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் மேதைகள் சொன்னதைச் சொன்னேன். குழந்தை, சுதந்திரம், இயற்கை என்று ஏதேதோ. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அதான் நிறுத்தியாச்சு. எப்படியும் நம்ம பையனுக்குத்தான். இப்பவே பேசி வச்சுக்கலாம். வயசு வந்தப்புறம் முடிச்சுக்கலாம்" என்றான்.

நான் உள்ளே ஓடி டிரங்குப் பெட்டியைத் திறந்து என் டி.சி.யை எடுத்து வந்தேன். "என்னை நிறுத்தின கை இன்னும் அடங்கலியா உனக்கு? என் பொண்ணுக்கும் தேதி குறிக்கிறியா?" என்று அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டினேன். பதினெட்டு வருஷக் கோபம், அந்தத் தெருவே பார்க்கட்டும் என்று ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக்கார அம்மாள் சைக்கிளில் வந்து இறங்கினாள். பிற்பகல் படிக்க வேண்டிய தாள்களை வாங்கிப் போக வந்தவள். ஓலையையும் தட்டுகளையும் பாவாடையையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் யாரிடமோ விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எவ்வளவு அழகு, பெண்மையைக் கொண்டாடுகிறீர்கள், இதுவும் ஒரு கல்விதானே என்றாள். சொல்லிவிட்டுக் கேமராவை எடுத்தாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது பழமொழி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் சேர்த்து அவளிடம் சொன்னேன். உன் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தால் அதற்குப் பெயர் சுதந்திரம். என் பிள்ளை இருந்தால் அதற்குப் பெயர் உட்கார்ந்துவிட்டாள். உன் பிள்ளைக்கு ஒரு தேசம் காத்துக்கொண்டிருக்கிறது. என் பிள்ளைக்கு இந்தத் தட்டுகள்தான் காத்துக்கொண்டிருக்கின்றன. கேமராவை உள்ளே வை என்றேன். அவள் முகம் சிவந்துபோய் வைத்துவிட்டாள்.

எல்லோரையும் பேசித் தீர்த்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் என் மகள் பூத்திலிருந்து வெளியே வந்தாள். கையில் ஸ்டேப்ளர் அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேராக அண்ணனிடம் போய் நின்றாள்.

"மாமா, நான் இன்னும் உட்காரலை," என்றாள். "என்னை நிறுத்திட்டாங்க."

என் கையில் டி.சி. இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். கொண்டுவந்த சீரைத் திருப்பி எடுத்துப் போவது ஆகாது என்று தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு, ஓலையை மட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு போனான்.

அவர்கள் போனபிறகு மகளைக் கேட்டேன், "உனக்கு என்னதான்டி வேணும்?" என்று. குரல் கடுமையாகத்தான் வந்தது. "பைய மாட்டிக்கிட்டு மத்தவங்களோட நடந்து போவணும். பரீட்சை எழுதணும். திட்டுனா திட்டிட்டுப் போறாங்க," என்றாள். குழந்தையிடம் கேள், குழந்தையிடம் கேள் என்று அந்தக் கோணல் தாள்களில் எத்தனை தரம் படித்திருப்பேன். வெட்டுப்படாத வரிதான் அது. மூன்று மாதத்தில் ஒரு தரம்கூட நான் கேட்கவில்லை. என் கோபத்துக்கு எவ்வளவு ஜாஸ்தி இடம் கொடுத்தேனோ அவ்வளவு கம்மி இடம் அவளுக்கு. மேதைகளைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவர்களாவது 'அவன்' என்று எழுதினார்கள். நான் 'நான்' என்று படித்திருக்கிறேன்.

ஜூன் மாதம் அவளை அரசு பெண்கள் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனேன். தலைமை ஆசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பழைய பள்ளியின் டி.சி.யைப் படித்தார். அப்போதுதான் நானும் எட்டிப் பார்த்தேன். விலகக் காரணம்: பெற்றோர் விருப்பம்.

"யார் விருப்பம்மா இது? உன்னுதா, உங்கம்மாவுதா?" என்று அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"எங்கம்மாவுது டீச்சர்," என்றாள்.

விண்ணப்பத்தை அவளே எழுதினாள், இடது கையால். தலைமை ஆசிரியை ஏதாவது சொல்லட்டும் என்று நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மைக்கூட்டை அவள் கை இடிக்காமல் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். எனக்குச் சண்டை போட ஆளில்லாமல் போயிற்று. பட்டியலில் பெயர் ஏறியது.

வெள்ளைக்கார அம்மாள் அடுத்த வருஷம் தன் நாட்டுக்குப் போய்விட்டாள். போய் ஒரு கடிதம் எழுதினாள். அங்கே மகனைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருப்பதாகவும், அவனுக்கு மிகவும் பிடித்திருப்பதாகவும். அவளுக்கு அது ஒரு கதவு. மூடினால் மூடியது, திறந்தால் திறந்தது. எனக்கு ஒரு கார்டு எழுதியதற்கே வேன் வந்துவிட்டது.

இரண்டாயிரத்து மூன்றில் என் மகள் வேலூரில் காலேஜ் சேர்ந்தாள். அண்ணன் மகனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும்போது அவள் சர்ட்டிபிகேட் ஃபைலைச் சரிபார்த்தேன். பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஜெராக்ஸ். அந்தப் பழைய பள்ளியின் டி.சி. ஒரிஜினலை அரசுப் பள்ளியில் கொடுத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் அவளே மிஷினில் வைத்து எடுத்திருக்க வேண்டும். கோணலில்லாமல், ஓரம் கறுக்காமல், ஒரு எழுத்துகூட வெட்டுப்படாமல் இருந்தது.

"இத எதுக்குடி இன்னும் வச்சிருக்க? இனிமே இது எதுக்கும் ஆவாது," என்றேன்.

அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, ஃபைலில் அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.

"உன்னுத நீ வச்சிருக்கே இல்ல," என்றாள்.